மரம் தின்னாத ரம்பம்

செங்கோட்டையில் பொய் சொல்லத் தெரியாதவன் மர வியாபாரத்துக்கு வரமாட்டான். தெரியாமல் வந்துவிட்டாலும் அடுத்த சாரல் சீசனுக்குள் மளிகைக் கடைக்கு மாறிவிடுவான். அந்த ஊரில் அதிகம் புளுகுகிறவர் யார் என்று கேட்டால், எல்லோரும் குத்தாலிங்கத்தின் சா மில்லுக்குத்தான் கை காட்டுவார்கள். அவரிடமே கேட்டால் அவரும் கை காட்டுவார், ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற மில்லை நோக்கி.

சண்முகவடிவு அங்கே போனது கதை கேட்க அல்ல. கதை கேட்கிற பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. பாளையங்கோட்டை கான்வென்டில் படிக்கும்போதே, பிரசங்கம் நீளுகிறது என்று ஃபாதரைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவள். இன்றைக்கு ஒரு குட்டியானை வண்டியை அமர்த்தி, பின்னால் ஒரு தேக்கு உத்தரத்தைக் கிடத்தி, டிரைவர் பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வந்திருந்தாள். இடித்துப்போட்ட ஒரு பழைய பங்களாவில் எடுத்த மரம். பர்மாத் தேக்கு, கருந்தேன் நிறம், ஐந்து அங்குலக் கனம்.

அதுதான் புது வீட்டுத் தலைவாசல் கதவு. நிலையை நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, நட்டாயிற்று. ஆசாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: பலகை நான்கு வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம், நிலையில் அதற்குத்தான் பள்ளம் எடுத்திருக்கிறது, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மரம் போதுமா என்று கணக்குப் பார்த்தவர் அவள் கணவர் சிதம்பரநாதன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "அஞ்சை ஒண்ணேகாலால வகு. நாலு. மீதி பூஜ்யம்." மீதி பூஜ்யம் வந்தால் அந்த மனிதருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

மில்லுக்குள் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பென்னம்பெரிய இரண்டு சக்கரங்களில் மாட்டிய நாடா மாதிரி ஒரு பட்டை ரம்பம். டிராலியில் ஒரு வேம்பு வந்து அதில் முட்ட, அடியில் மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. வடிவு அந்தத் தூளைப் பார்த்தாள். பிறகு தன் உத்தரத்தைப் பார்த்தாள். திரும்பவும் தூளைப் பார்த்தாள். தேங்காயைத் துருவினால் சிரட்டையில் தேங்காய் குறைகிறது. இந்தத் தூள் மட்டும் ஆகாசத்தில் இருந்தா கொட்டும்?

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். "ரம்பம் போற வழிக்கு எவ்வளவு விட்டீங்க?"

"எந்த ரம்பம்?" என்றார் சிதம்பரநாதன்.

போனை வைத்துவிட்டாள். இனி அந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை. வகுத்தலில் ரம்பத்துக்கு இடமில்லை.

மூன்று அறுப்பில் போகிற தூளுக்கு நான்காவது பலகை குறைந்துபோகும். அதை வேறு மரத்தில் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்குச் செண்பகத்தைத் தெரியாது. செண்பகம் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. புது வீட்டுப் பால்காய்ப்பு அன்றைக்கு முதல் ஆளாக வந்து வாசலிலேயே நின்று, கதவைத் தடவித் தடவிப் பார்த்து, "நாலாவது பலகை மட்டும் வேற மரமாக்கா? ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி தெரியுது. பரவாயில்ல" என்பாள். அந்தப் 'பரவாயில்ல'யைத்தான் தாங்க முடியாது. அதை அடுத்த தலைமுறைக் கல்யாணம் வரைக்கும் சொல்லுவாள்.

குத்தாலிங்கம் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அறுபது வயது, காதோரம் பென்சில், மீசையில் மரத்தூள். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். "பங்களா மரமா? அங்க மிச்சம் கெடந்ததையெல்லாம் நாந்தாம்மா எடுத்தேன். பின்னால கொட்டகையில கெடக்கு. நல்ல உருப்படி."

"அண்ணாச்சி, ஒரு அறுப்புக்கு உங்க ரம்பம் எவ்வளவு மரம் திங்கும்?"

மில்லுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற சாதாரணக் கேள்விதான். ஆனால் குத்தாலிங்கத்துக்கு யாரோ அவர் குலத்தைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

"திங்கவா? எம்மா, இந்த ரம்பத்துக்கு வயிறே கெடையாது. எங்கருந்து திங்கும்?"

"வயிறு இல்லாட்டா என்ன, அதுக்கும் சேத்துத்தான் உமக்கு வாய் இருக்கே" என்றது ஒரு குரல். மரத்தடி ஒன்றின் மேல் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார் பீர் முகம்மது. தென்காசியில் கட்டில், பீரோ செய்து விற்கிறவர். தன் மரம் அறுபடும்வரை காத்திருந்தார்.

குத்தாலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. "திங்கிற ரம்பத்தப் பாக்கணும்னா ரோட்டுக்கு அந்தப்பக்கம் போங்க. வட்ட ரம்பம். ஒவ்வொரு பல்லும் கோழிமுட்டை தண்டி இருக்கும். போன ஐப்பசில பண்பொழிக்காரர் ஒருத்தர் கட்டில் செய்யணும்னு ஒரு வாகை மரத்த அங்க கொண்டு போனாரு. சாயங்காலம் திரும்புதாரு, கட்டிலும் இல்ல, பலகையும் இல்ல, மூடை மூடையா தூளு. என்ன செய்வாரு பாவம், அதப் பூரா உறையில அடைச்சு மெத்தையாத் தச்சுட்டாரு. இன்னிக்கும் அதுலதான் படுக்காரு. தரையில."

"நான் உங்க ரம்பத்தக் கேட்டேன்" என்றாள் வடிவு.

"அதுக்குத்தான் வாரேன். நம்ம ரம்பத்துக் கனம் என்னன்னு கேளுங்க."

"அதத்தான கேட்டேன்."

"கொசு றெக்கை பாத்திருக்கீளா? அதுல பாதி. புளியரைக்காரர் ஒருத்தர் தேக்குத் தடி ஒண்ணு கொண்டாந்தாரு. அறுத்து முடிச்சு, ரம்பத்த நிப்பாட்டி, 'ஆச்சு, எடுத்துட்டுப் போங்க'ன்னேன். அவரு தடியச் சுத்திச் சுத்தி வாராரு. கோடு கூடத் தெரியல. 'எங்கவே அறுத்தீரு'ன்னு ஒரே சண்டை. கோவத்துல தடிய அப்படியே வீட்டு வாசல்ல கொண்டுபோய்ப் போட்டுட்டாரு. வீட்டுல எல்லாரும் அதுல உக்காந்துதான் பேப்பர் படிச்சிருக்காவ. பெறகு ஒருநாள் அவரு மாமனார் வந்து உக்காந்து, மூக்குப்பொடி போட்டு, ஒரு தும்மல் போட்டாரு. தடி சீட்டுக்கட்டு மாதிரி விரிஞ்சிருச்சு. மாமனாரு ஒவ்வொரு பலகையா வழுக்கி வழுக்கி, தெருமுக்குல போய் எறங்கினாரு."

"அடி படலியா?" என்றார் பாய்.

"எப்படிப் படும்? பலகை அவ்வளவு வழவழப்பு. இழைப்புளியே வேண்டாம். எந்திரிச்சு வேட்டிய உதறிட்டு, 'மாப்ள, இன்னொரு தடவை உக்காரட்டா'ன்னு கேட்டாராம்."

சுமைக்காரர்கள் இரண்டு பேர் மரத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். ரம்பக்காரன் ரம்பத்தை நிறுத்தினான். வடிவு மட்டும் வீட்டில் அரைத்து வைத்த மாவு பொங்கி வழிவதை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

"எறும்பு கதையைச் சொல்லுங்க முதலாளி" என்றான் ரம்பக்காரன்.

"அது கதை இல்லலே, நடந்தது. மரம் ஓடுது, குறுக்கால ஒரு சித்தெறும்பு போவுது. நிப்பாட்டுததுக்குள்ள ரம்பம் அது மேல ஏறி எறங்கிருச்சு. பாவம் போச்சேன்னு குனிஞ்சு பாக்கேன். இந்தப் பலகையில ஒரு எறும்பு போவுது. அந்தப் பலகையிலயும் ஒரு எறும்பு போவுது. ரெண்டும் ஒண்ணையொண்ணு திரும்பிப் பாத்துட்டு, ரெண்டு பக்கமாப் போயிருச்சு."

"ரெண்டும் ஒரே தண்டியா?" என்று விசாரித்தார் பாய்.

"ஒரே தண்டி. ஒரு நூலு கொறையல. கொறையாதுன்னுதான சொல்லிட்டிருக்கேன்."

"சரி, பாய் மரத்தையாவது சீக்கிரம் அறுங்க" என்றாள் வடிவு. அவள் எண்ணம் அப்போது எதிர் மில்லில் இருந்தது. வட்ட ரம்பம் ஒரு அறுப்புக்கு இரண்டு நூல் தின்னும் என்று அவளுக்கே தெரியும். எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். அங்கே போனால் இன்னும் மோசம். இரண்டு பேர் மேலும் கீழும் நின்று இழுக்கிற பெரிய கைரம்பத்துக்குப் போகலாமென்றால், அதுவும் ஒன்றரை நூலுக்குக் குறைந்து எழுந்திருக்காது. எந்த ரம்பத்திடம் போனாலும் நான்காவது பலகை இல்லை. மனசுக்குள் செண்பகம் வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

குத்தாலிங்கமோ சூடுபிடித்துவிட்டார். "மரத்த விடுங்க. போன கோடையில இந்த வாசல்ல ஒரு புளியமரம் நின்னுச்சு. அது நெழல டிராலில ஏத்தி அறுத்தேன்."

"நெழலையா?"

"அரை அங்குலக் கனத்துல. பலகை பலகையா அடுக்கி வச்சிருந்தோம். கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து ஆளு வந்து, அடிச்சுப் பிடிச்சு வாங்கிட்டுப் போயி, பருத்திக் காட்டுல விரிச்சாவ. அந்த வருஷம் அந்த ஊருக்கு வெயிலே தெரியாது. நெழலுக்கே சேதாரம் இல்லாம அறுத்தவன்மா நானு. உங்க தேக்கு எம்மாத்திரம்."

பாய் டீயை வைத்தார். "வே முதலாளி, சேதாரமே இல்லேங்கீரே, மில்லுக்குப் பின்னால மலை மாதிரி குமிஞ்சு கெடக்குதே தூளு, அது யாரு தூளு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தூள் குவிந்து கிடந்தது.

"அதா?" என்றார் குத்தாலிங்கம். கண் கூடச் சிமிட்டவில்லை. "அது எதிர் மில்லுத் தூளு. ஆடிக் காத்துல பறந்து வந்தது. கணவாய்க் காத்து இந்த ஊருக்குச் சும்மாவா வருது? நம்ம ரம்பம் தூளு போடாது பாய். குடிக்கும். ரம்பத்தத் திருப்பி ஓடவிட்டு இந்தப் பக்கம் தூள அள்ளிப் போட்டா, அந்தப் பக்கம் பலகையா வரும். கரண்டு கூட வார சமயமாப் பாத்து, ஆறு அங்குலத் தடியில ஒரு அங்குலப் பலகை ஏழு எடுத்திருக்கேன். மரம் வேகத்துல பயந்து பூரி மாதிரி உப்பிருது."

அந்த இடத்தில்தான் சண்முகவடிவு கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தவள் அவள். பிள்ளை புளுகும்போது நடுவில் மறிக்கிறவள் ஏமாளி. மறித்தால் பயல் பின்வாங்கி வேறு வழியாக ஓடிவிடுவான். அவன் உள்ளே, இன்னும் உள்ளே, கடைசி அறைவரைக்கும் போகட்டும் என்று விட்டு, அப்புறம்தான் கதவைச் சாத்த வேண்டும். அவள் மரத்தடி ஒன்றைப் பார்த்து, முந்தானையால் தட்டிவிட்டு, நன்றாக உட்கார்ந்தாள்.

"ஏழா அண்ணாச்சி?"

"ஏழு."

"ஆறு அங்குலத்துலயா?"

"ஆறு அங்குலத்துல."

"எல்லாருக்கும் கேக்கட்டும், சத்தமாச் சொல்லுங்க. அந்தா லோடு ஏத்துத அண்ணனுக்குக் கேட்டிருக்காது."

குத்தாலிங்கம் சத்தமாகச் சொன்னார். லோடு ஏற்றுகிறவரும் வந்து நின்றார். இப்போது மில்லில் வேலை செய்கிறவர் யாரும் இல்லை. எல்லோரும் சாட்சிகள்.

"எனக்கு ஏழு வேண்டாம்" என்றாள் வடிவு. "எனக்குப் பேராசை கெடையாது. அஞ்சு அங்குலத்துல ஒண்ணேகால் அங்குலப் பலகை நாலு. உப்பவும் வேண்டாம், தூளக் குடிக்கவும் வேண்டாம். சும்மா திங்காம இருந்தாப் போதும். உங்க ரம்பத்துக்கு இது கொட்டாவி விடுத மாதிரி."

குத்தாலிங்கம் திரும்பி உத்தரத்தைப் பார்த்தார். ரம்பத்தைப் பார்த்தார். அவரும் மரக்காரர்தான், கணக்கு அவருக்கும் தெரியும்.

"இல்ல, தேக்கு கொஞ்சம் பிடிவாதமான சாதி..."

"மாமனார் தும்மினது தேக்குலதான?"

"அது... புளியரைத் தேக்கு. மலைக்காத்துல வளந்தது."

"முடியாதுன்னா சொல்லிரும் வே" என்றார் பாய், மிகவும் அனுதாபத்தோடு. "அதுல என்ன வெக்கம். அந்தம்மா எதிர் மில்லுக்குப் போயிட்டுப் போறாவ."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. "ஏத்துங்கலே டிராலில" என்றார் குத்தாலிங்கம்.

ரம்பம் ஓடியது. உத்தரம் போய் முட்டியது. தேக்கு வாசனை எழும்பி, அடியில் பொன் நிறத்தில் தூள் கொட்டத் தொடங்கியது. அத்தனை பேரும் பலகையைப் பார்க்கவில்லை, தூளைத்தான் பார்த்தார்கள்.

"அது உங்க மரத்துத் தூளு இல்லம்மா" என்று சத்தத்துக்கு மேலே கத்தினார் குத்தாலிங்கம். "பங்களாத் தூசி. வெள்ளக்காரன் காலத்துல இருந்து மரத்து மேல ஒட்டிக்கெடந்தது. இப்பத்தான் உதிருது."

"நல்லா உதிரட்டும்" என்று அவளும் கத்தினாள். "நான் வீட்டுல தொடைக்க வேண்டாம் பாருங்க."

மூன்று அறுப்பு முடிந்தது. ரம்பம் நின்றது. வடிவு பையிலிருந்து தன் சொந்த டேப்பை எடுத்தாள். முதல் பலகை ஒன்றேகால். இரண்டாவது ஒன்றேகால். மூன்றாவதும் அப்படியே, குறை சொல்ல முடியாத அறுப்பு. நான்காவதில் டேப்பை வைத்துவிட்டுப் பாயைக் கூப்பிட்டாள். பாய் குனிந்து பார்த்தார். பத்து நூல் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது.

"அறுப்புக்கு ஒரு நூலு" என்றார் பாய். "வயிறு இல்லாததுக்கு நல்ல சாப்பாடுதான்."

"டேப்பு வெயில்ல நீண்டிருக்கும்" என்றார் குத்தாலிங்கம்.

அவர் டேப்பைக் கேட்டு வாங்கி அளந்தாள். அதிலும் ஏழு.

"பொம்பளையாளு கிட்ட நின்னு பாத்தீயல்லா, பலகை கூச்சப்பட்டு ஒடுங்கிருச்சு."

"மூணு பலகைக்கு இல்லாத கூச்சமா?"

"அறுத்த சூட்டுல சுருங்கியிருக்கும்மா. ஆறுச்சுன்னா அளவுக்கு வந்துரும். நீங்க வீட்டுக்குக் கொண்டுபோய் நெழல்ல வச்சு..."

"ஆறட்டும்" என்றாள் வடிவு. "இங்கயே ஆறட்டும். நான் இருக்கேன்."

சொன்னவள் நேரே போய் டிராலியின் மேலே உட்கார்ந்துகொண்டாள். டிராலி போகாமல் ரம்பம் ஓடி என்ன பயன். பஸ் தாமதமானால் நடந்தே போகிறவள், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைக்கிறவள், அன்று கோவில் தூண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு சுமைக்காரர் பீடி பற்ற வைத்தார். பாய் இன்னொரு டீ சொன்னார், அவளுக்கும் சேர்த்து. அவள் அதை ஊதி ஊதிக் குடித்தாள். லாரிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, ஏன் மில் ஓடவில்லை என்று கேட்டார்.

"பலகை வளந்துக்கிட்டு இருக்கு" என்றார் பாய். "சத்தம் போடாதீரும்."

குத்தாலிங்கம் மேசையில் போய் உட்கார்ந்தார், எழுந்தார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பக் காதிலேயே வைத்தார். சுவரோரம் நின்ற ஒரு ஆள், "முதலாளி, சும்மா இருக்கதுக்கு அந்தத் தும்மல் கதையை இன்னொருக்கச் சொல்லுங்களேன், நான் பாதியில வந்தேன்" என்று கேட்டான். அதோடு அவருக்குத் தாங்கவில்லை.

"சில சமயம்..." என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சில சமயம் நம்ம ரம்பம் கொஞ்சம் மரத்த உள்ளயே வச்சுக்கிடும். தீனிக்கு இல்ல, ஒரு பிரியத்துக்கு. பின்னால போயிப் பாத்துட்டு வாரேன்."

கொட்டகைப் பக்கம் போனார். அங்கே ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் ஏதோ சரிந்து விழுகிற சத்தம், அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. திரும்பி வரும்போது தோளில் ஒரு பலகை இருந்தது. அதே கருந்தேன் நிறம், அதே நீளம், பழைய ஆணி அடித்த தடம்கூட அதே மாதிரி. பங்களாவின் மிச்சம் எல்லாம் அவரிடம்தானே இருந்தது.

"பாத்தீளா? சக்கரத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சிருக்கு."

"ஒட்டடையோட ஒளிஞ்சிருக்கு" என்றார் பாய்.

"ஒளியுத எடத்துல ஒட்டடை இல்லாம பன்னீரா தெளிச்சிருக்கும்?"

வடிவு டிராலியை விட்டு இறங்கி டேப்பை வைத்தாள். பத்து நூல், அட்சர சுத்தமாக. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். கடைசி அறைக்குள் போனவன் தானாகவே வெளியே வந்து பொருளைக் கொடுத்துவிட்டால், அப்புறம் வாசலில் நின்று விசாரிக்கக் கூடாது.

"அந்த மெலிஞ்சதக் குடுத்துருங்க" என்றார் குத்தாலிங்கம். "தூளும் அளவு கொறஞ்சதும் மில்லுக்குன்னு ஊர் வழக்கம்."

அது உண்மையாகவே ஊர் வழக்கம். பங்களா மிச்சத்தைப் பற்றிச் சொன்னதை விட்டால், அன்று காலையிலிருந்து அவர் சொன்ன ஒரே உண்மை. ஏழு நூல் பலகையை அவரே கொண்டுபோய் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் சாத்தி வைத்தார். அதைச் சாத்தி வைத்துவிட்டுத் திரும்பும்போதே மனிதருக்கு நெஞ்சு மறுபடியும் நிமிர்ந்துவிட்டது. பலகைகள் வண்டியில் ஏறுவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பலகை ஏறி, இரண்டு தரையில் இருக்கும்போது, இன்னொரு வண்டி உள்ளே வந்தது. கடையநல்லூரிலிருந்து ஒரு ஆள், ஒரு பலாத்தடியோடு. இறங்கும்போதே கேட்டார். "அண்ணாச்சி, உங்க ரம்பத்துல சேதாரம் எப்படி?"

"என்ட்ட கேக்காதீங்க" என்றார் குத்தாலிங்கம். "என் வாயால சொன்னா நம்பமாட்டீய. அந்தா நிக்காவல்லா, வாத்தியார் வீட்டம்மா, படிச்சவுக. அஞ்சு அங்குலத்துல ஒண்ணேகால் அங்குலப் பலகை நாலு எடுத்துக் குடுத்திருக்கேன். ரம்பம் ஒரு மயிரிழை தின்னல. அவுகளையே கேளுங்க."

கடையநல்லூர்க்காரர் அவளைப் பார்த்தார். பாய் பார்த்தார். ரம்பக்காரன், சுமைக்காரர்கள், எல்லோரும் பார்த்தார்கள். குத்தாலிங்கத்தின் கண்ணும் அவளைப் பார்த்தது, ஆனால் அவர் கால் தரையில் கிடந்த இரண்டு பலகைகளுக்குப் பக்கத்தில் நின்றது. இல்லை என்று சொன்னால் அதில் ஒன்று திரும்பவும் சக்கரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஆமாம் என்று சொன்னால் அது பொய், கான்வென்டில் அத்தனை வருஷம் முட்டி போட்டதற்கு அர்த்தமில்லை.

அவள் டிரைவரைப் பார்த்து, "அந்த ரெண்டையும் ஏத்துப்பா" என்றாள். அவை ஏறும்வரை பொறுத்திருந்தாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"நெசமாம்மா? நாலு வந்துச்சா?" என்று கிட்டே வந்து கேட்டார் கடையநல்லூர்க்காரர்.

"நாலு இல்ல" என்றாள் சண்முகவடிவு. "அஞ்சு வந்துச்சு. ஒண்ணை அண்ணாச்சி எடுத்து வச்சுக்கிட்டாரு. அந்தா, சுவர்ல சாஞ்சிருக்கு பாருங்க."